மூன்றில் ஒரு பங்கு

அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது அவரோடு லாரி ஓட்டியவர்கள்தான். தெருமுனை திரும்பும்போதே நீளமாக ஒன்று அடித்துவிடுவார். அக்கம்பக்கத்தில் தூங்குகிற குழந்தைகளெல்லாம் எழுந்து கத்தும், நாய்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடும், வீட்டில் அவர் மனைவி அடுப்பில் வெந்நீர் வைப்பாள். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து அப்போதுதான் கண் அசந்திருந்தாலும் எழுந்து வந்து கதவைத் திறப்பாள். “நீங்க வர்றது எனக்குத் தெரிஞ்சா போதாதா, ஊருக்கே தெரியணுமா?” என்பாள். அவர் பல்லைக் காட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். ரெண்டு நாள் இருப்பார், மிஞ்சிப்போனால் மூன்று நாள். அதற்குள் அடுத்த லோடு வந்துவிடும்.

வீடு அவள் பெயரில் இருந்தது. வாங்கும்போது வங்கிக்காரர்கள் சம்பளச் சீட்டு கேட்டார்கள். லாரிக்காரனுக்கு ஏது சம்பளச் சீட்டு? அவளுக்கு இருந்தது. கடன் அவள் பெயரில் வந்தது, பத்திரமும் அவள் பெயரிலேயே பதிவானது. தரைக்கு டைல்ஸ் போட்டது, வாசலுக்கு இரும்பு கேட் வைத்தது, மாடியில் ஒரு அறை எழுப்பியது எல்லாம் இவர் வண்டி ஓட்டிச் சம்பாதித்ததில்தான். ஆனால் அதற்கெல்லாம் யார் ரசீது வைத்திருக்கப் போகிறார்கள்? யார் பேரில் இருந்தால் என்ன, உள்ளே இருக்கப்போவது நாமதானே என்று இருந்துவிட்டார். உள்ளே இருந்தது என்னவோ அவளும் பிள்ளைகளும்தான். இவர் ரோட்டில் இருந்தார்.

அவள் ஓய்வுபெற்ற கொஞ்ச நாளிலேயே சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. செய்தி வந்தபோது அவர் எங்கோ ஒரு மலைப்பாதையில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். லோடை இறக்கிவிட்டு வண்டிச் சாவியை முதலாளி மேஜையில் வைத்தவர், அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க ரெண்டு பேரும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை. அவள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல அவர் சமைத்தார். “கரண்டியைக் கியர் மாதிரி பிடிக்காதீங்க” என்று அவள் சிரித்தாள். அவள் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனுக்குப் பதில் சொல்கிற வழக்கம் உள்ளவள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மழை விட்டு வெயில் வந்ததும் அவள் போய்விட்டாள்.

உயில் கியில் எதுவும் இல்லை. அதைப் பற்றி அவர் யோசிக்கவும் இல்லை.

மகன் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். ஊரின் அந்தக் கோடியில் அடுக்குமாடி வீடு, மனைவி, கைக்குழந்தை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அம்மாவை வைத்துக் காப்பாற்றப் பார்த்ததில் அவன் பங்கும் குறைவில்லை. அவள் போன சில மாதம் கழித்து வந்தான். அப்பா தங்களோடு வந்து இருக்கலாம், பால்கனியை ஒட்டின அறை காலியாகத்தான் கிடக்கிறது, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தான். அவர் முடியாது என்றார். அவன் மறுபடி சொன்னான், அவர் மறுபடி முடியாது என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவன் வாயிலிருந்து அது வந்தேவிட்டது.

“வீடு எனக்குன்னு அம்மா சொல்லியிருக்காங்கப்பா. நானா கேக்கல, அவங்களா சொன்னது.”

“உங்கம்மா சொல்லலாம். நான் ஒருத்தன் உயிரோட இருக்கேன்ல?”

“இருக்கீங்க. ஆனா இந்த வீட்டுல எத்தன நாள் இருந்திருக்கீங்க? நான் பள்ளிக்கூடம் முடிச்சது எந்த வருஷம்னாவது தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் கோபத்தைக் கிளப்பியது. எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மகன் வெளியே போனான். அடுத்த வாரம் ஒரு புரோக்கரும் அவரோடு ஒரு தம்பதியும் வந்து கேட்டுக்கு வெளியே நின்று மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் அப்போது அப்பா பக்கம்தான் இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். அவர் துணியைத் துவைத்து உலர்த்துவாள், அம்மாவின் அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் நிற்பாள், சாயங்காலம் போவாள். “அண்ணன் அப்படித்தான்பா, மேலோட்டமா குதிப்பான். நான் பேசிக்கிறேன், நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் ஒரு வாரம் பொறுக்க அவரால் முடியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற அந்தத் தம்பதி கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். அந்தப் பெண் மாடி அறையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தது அவரை இருப்புக்கொள்ளாமல் செய்துவிட்டது.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். பொறுமைசாலி. ஹாரன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சட்டத்தை எடுத்துச் சொன்னார். உயில் இல்லை என்றால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆக அவருக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் வீட்டு விஷயத்தில் செல்லாது.

“உங்களை யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாதுங்க ஐயா.”

அவர் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகும் வக்கீல் ஏதோ சொன்னார்: பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டால் அது எங்கெங்கே போகும், பிரிக்க முடியாத சொத்து என்றால் கோர்ட் என்ன செய்யும் என்று விளக்கினார். ஹாரன் அதற்கெல்லாம் தலையை ஆட்டினார். உள்ளே வந்தபோது இருந்த படபடப்பு அடங்கி, ஒரு டீ குடித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிக்கொண்டிருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

பங்கு கேட்டு வழக்குப் போட்டால் மற்ற பங்காளிகள் அத்தனை பேரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டும், அது நடைமுறை. மகன் முதல் பிரதிவாதி. மகள் இரண்டாம் பிரதிவாதி. கோர்ட் ஆள் சம்மனை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். ஆசிரியர் அறையில் எல்லாரும் இடைவேளைக்கு உட்கார்ந்திருந்த நேரம். அவள் பெயரைச் சத்தமாகப் படித்து, உங்கப்பா போட்ட கேஸ் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அவர் கேட்டுப் பக்கம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு போன் செய்தார்.

“என்னையும் எதிரியாக்கிட்டீங்களேப்பா” என்றாள்.

அது சும்மா எழுத்துக்காக, வக்கீல் அப்படித்தான் போட வேண்டும் என்றார், எனக்கே தெரியாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சரிப்பா, பிள்ளைகளுக்குப் பரீட்சை, வைக்கிறேன் என்றாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே துவைத்துக்கொண்டார்.

திருப்ப இடமில்லாத சந்துக்குள் வண்டியை விட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. பின்னாலும் எடுக்க முடியாது. வக்கீலிடம் கேட்டுப் பார்த்தார். வழக்கை வாபஸ் வாங்கலாம்தான், ஆனால் வாங்கினால் மகன் நாளைக்கே வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற முயற்சி செய்வான் என்றார் அவர். வழக்கு நடந்தது. வாய்தா, வாய்தாவுக்கு மேல் வாய்தா. கோர்ட் வராந்தாவில் அப்பாவும் மகனும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருதரம் ஹாரனுக்கு இருமல் வந்தபோது மகன் தண்ணீர் பாட்டிலை நடுவில் வைத்தான். அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அம்மா சொன்னதாக மகன் கூண்டில் சொன்னதை ஹாரனின் வக்கீல் எல்லார் முன்னாலும் பொய் என்றார். அவன் பக்கத்தில் சாட்சி சொல்ல வந்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவர் மனைவிக்கு உயிர்ச் சிநேகிதி. அவளுடைய நர்ஸ் உடுப்பெல்லாம் தைத்தவள். அவர் மேலும் மரியாதை உண்டு, அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கூண்டில் ஏறி நின்றபோது அவர் பக்கம் பார்க்கவே இல்லை. மகனின் வக்கீல் கேட்டார், உங்கள் சிநேகிதி வீட்டைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னதுண்டா?

“சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

தையல்காரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். நீதிபதி, பயப்படாமல் சொல்லுங்கம்மா என்றார்.

“வீடு பையனுக்கு இருக்கட்டும்னாங்க. அவரு எங்க வரப்போறாரு, ரோடுதான் அவருக்கு வீடு, நான் செத்தாலும் தகவல் சொல்ல ஆள் தேடித்தான் அனுப்பணும்னாங்க.”

கோர்ட்டில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஹாரனின் வக்கீல் எழுந்து, இது எழுத்தில் இருக்கிறதா, அந்த அம்மா கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டார். இல்லை என்றாள் தையல்காரி. அவ்வளவுதான், போதும் என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் அவர் பக்கம் சாய்ந்து, இது நமக்கு ஒன்றும் பாதிப்பில்லை ஐயா, கவலையே படாதீங்க என்று கிசுகிசுத்தார்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் தையல்காரியும் ஏறியிருந்தாள். ரெண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கூட்டம் குறைந்ததும் அவர் எழுந்து போய்ப் பக்கத்து இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்ப சொன்னா?”

“என்னை மன்னிச்சிடுங்கண்ணே. கூண்டுல ஏறிட்டுப் பொய் சொல்ல வரலை.”

“அதை விடும்மா. எப்ப சொன்னா, அதைச் சொல்லு.”

“மாடி ரூம் கட்டினீங்களே, அந்த வருஷம். பொண்ணுக்கு ஆபரேஷன் வச்சிருந்தப்ப வர்றேன்னு சொல்லிட்டு நீங்க வராமப் போயிட்டீங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து என் வீட்டு வாசப்படியில உக்காந்து சொன்னாங்க. கோவத்துல சொன்னதுதான்ணே.”

அவருக்கு அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது, இல்லை, நிற்கவில்லை. திரும்பும்போது நல்ல வாடகைக்கு ஒரு லோடு கிடைத்தது. வண்டி நின்றுவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

“அப்புறம் மாத்திச் சொன்னாளா? நான் வேலைய விட்டுட்டு வந்து வீட்டோட இருந்தேனே, அப்பவாவது ஏதாவது...”

தையல்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் நிம்மதியாக வீடு போய்ச் சேருவார் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“அப்புறம் அந்தப் பேச்சே வரலைண்ணே.”

அன்று முதல் அந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமையலறை நாற்காலியைப் பார்த்தால், இங்கே உட்கார்ந்து சிரித்தபோதெல்லாம் அவள் மனதில் அந்த வார்த்தை இருந்ததா, மறந்துபோயிற்றா என்றுதான் ஓடியது. அவள் சொன்னதை எதிர்த்துத்தான் வழக்கு நடத்துகிறோமோ என்று இருந்தது. மகனோடு சண்டை போடலாம், கோர்ட்டோடு சண்டை போடலாம். போய்ச் சேர்ந்துவிட்டவளோடு என்ன பண்ணுவது? கேட்டால் பதில் சொல்லவா போகிறாள்?

தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. வாய்ச்சொல் செல்லாது, மூவருக்கும் சமபங்கு. வக்கீல் கைகொடுத்தார், ஜெயிச்சிட்டீங்க ஐயா என்றார். தீர்ப்பின் அடுத்த பத்தியையும் அவரே விளக்கினார். ஒரு கூடம், ரெண்டு அறை, மாடியில் ஒன்று. இதை மூன்றாக வெட்ட முடியாது. ஒருவர் மற்ற ரெண்டு பேருக்கும் பங்குக்கான விலையைக் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். யாராலும் முடியாது என்றால் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டியது.

“என்னை வெளிய போகச் சொல்ல முடியாதுன்னீங்களே?”

“போகச் சொல்லலையே ஐயா. வித்துப் பங்கு எடுத்துக்கச் சொல்றாங்க. மூணு பேரும் சேர்ந்து வேண்டாம்னா விக்க வேண்டாம்.”

மூன்று பேரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மகனை அவரால் கேட்க முடியாது. மகள் ஒருத்தி நம் பக்கம் நின்றால் ரெண்டு பங்கு ஆயிற்று, அவன் இறங்கி வருவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வாசலில் அவரைப் பார்த்ததும் அவள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். டீ கொடுத்தாள். அவர் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“அப்பா, ஒண்ணு சொல்றேன், சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்” என்றாள். “நீங்க கேஸ் போட்ட வாரம் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சண்டை போட்டேன், அழுதேன். அப்பா இருக்கிற வரைக்கும் அந்த வீட்டுல இருக்கட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்னு ஒத்துக்கிட்டான். அண்ணியும் சரின்னாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு சம்மன் வந்துடுச்சு.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இப்ப சொல்லிப் பாரேன்மா.”

“இப்ப அவன் கேக்க மாட்டான்பா. கோர்ட்ல எல்லார் முன்னாலயும் அவனைப் பொய்யன்னு உங்க வக்கீல் சொன்னாங்க. அவன் பொய் சொல்லலை, உங்களுக்கே தெரியும்.” அவள் குரல் இறங்கியது. “எனக்கும் முடியலப்பா. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் விக்கத்தான் சொல்லியிருக்கேன்.”

அவர் அவளைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? எழுந்து பேத்திகள் எங்கே என்று கேட்டார். டியூஷனுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர் சமையலறையில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், அவரைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து பார்ப்பார்கள். வாங்கியவர் ஒரு பல் டாக்டர். கீழே கிளினிக் வைக்கப் போகிறாராம். கூடத்துச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும் என்று புரோக்கரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பெரியவருக்குக் கேட்க வேண்டாமே என்று நினைத்திருப்பார், நல்ல மனுஷன். அவருக்குக் கேட்டது.

பதிவு அலுவலகத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார வேண்டியிருந்தது. நடுவில் மகள். சாப்பிட்டீங்களாப்பா என்று மகன் முன்பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான். சாப்பிட்டேன் என்றார். சாப்பிடவில்லை. பெயர் கூப்பிட்டதும் மூவரும் எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே விவரங்களைக் கேட்டுத் தட்டினார். மகனின் விலாசம், மகளின் விலாசம். பிறகு அவரைப் பார்த்தார்.

“உங்க விலாசம்?”

அவர் வாயில் பழக்கதோஷத்தில் வீட்டு விலாசம்தான் வந்தது.

“அது இப்ப விக்கிற சொத்துங்க. இனிமே தபால் எங்க வரணும், அதைச் சொல்லுங்க.”

மகன் மகளைப் பார்த்தான். மகள் மகனைப் பார்த்தாள். அவன் சொல்லுவான் என்று அவளும், அவள் சொல்லுவாள் என்று அவனும் ஒரு கணம் இருந்திருப்பார்கள். ரெண்டு பேர் வாயும் கொஞ்சம் திறந்ததை அவர் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர் கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். எழுத்தரின் விரல் பொத்தான் மேல் காத்திருந்தது.

“லாரி ஷெட்டுன்னு போட்டுக்குங்க” என்றார் ஹாரன். தெருப் பெயரைச் சொன்னார். எழுத்தர் தட்டினார்.

வெளியே வந்ததும் மகள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மாத்திரை இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றார். போகும்போது போன் பண்ணுங்க என்றாள், எங்கே போகும்போது என்று சொல்லவில்லை. மகன் தன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். அவர் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போன பிறகுதான் அது கிளம்பின சத்தம் கேட்டது.

ஷெட் முதலாளி ஒருகாலத்தில் அவரோடு கூட ஓட்டியவர். டயர் அடுக்கி வைக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்றார். பங்குப் பணம் வங்கியில் கிடக்கிறது. அவர் அதை எட்டிப் பார்க்கவில்லை. விடியும்போது வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. ஓட்டுகிற பையன்களுக்கு அவரைப் பிடிக்கும். வழியில் எங்கே போலீஸ் நிற்கும், எங்கே நல்ல டீ கிடைக்கும் என்று கேட்பார்கள். சொல்லுவார். இந்த வாரம் வீட்டுக்குப் போக முடியாது, நல்ல லோடு வந்திருக்கு என்று ஒருத்தன் அவர் எதிரிலேயே பெண்டாட்டிக்குப் போன் போட்டு, வண்டி ரிப்பேர் என்று சொன்னான். சொல்லிவிட்டு அவரைப் பார்த்துக் கண் அடித்தான்.

அவனிடம் ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. வண்டி புறப்பட்டுப் போனது. அவர் கட்டிலில் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.